தலைப்பாகை ஆடாத கியர்

கியரைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் இந்தக் காரைக்காலில் என்னிடம்தான் வருவார்கள். வராதவர்களிடம் நானே போய்ச் சொல்லிவிடுவேன்.

நான் படித்தது நாலாவது வரைக்கும். நான் முதலில் ஏறிய லாரியிலும் கியர் நாலுதான். இரண்டிலும் அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. கிளீனராக ஏறி, டிரைவராகி, கடைசியில் அதே லாரியை விலை பேசி வாங்கியவன் நான். இன்றைக்குத் தலத்தெருவில் என் வீட்டு வாசலில் வேன் நிற்கிறது, பத்துச் சக்கர லாரி நிற்கிறது, அவற்றை ஓட்டுகிற டிரைவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாம் இந்த இரண்டு காலால் சம்பாதித்தது. சரியாகச் சொன்னால் இடது காலால். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் எவன் வேண்டுமானாலும் மிதிப்பான். கிளட்ச்சை மிதிப்பதற்குத்தான் வரம் வாங்கி வந்திருக்க வேண்டும்.

ஆனால் ஊரில் என் பேர் நின்றது லாரியால் இல்லை, மாப்பிள்ளை காரால்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் வரைக்கும் மாப்பிள்ளையை அலங்காரம் பண்ணின காரில் வைத்து அழைத்துப் போவோம். முன்னால் நாதஸ்வரம், தவில். பின்னால் தட்டுத் தூக்கிய பெண்கள். நடுவில் கார். கார் என்ன வேகத்தில் போக வேண்டும்? தவில்காரர் நடக்கிற வேகத்தில். அவர் தவிலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர், அடிக்கவும் வேண்டும். அவர் நடை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கிளட்ச்சைக் கொஞ்சம் விட்டால் வண்டி குதிக்கும், கொஞ்சம் அழுத்தினால் நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே மயிரிழை மாதிரி ஓர் இடம் இருக்கிறது. அங்கே காலை நிறுத்தி வைக்க வேண்டும், மண்டபம் வருகிற வரைக்கும். எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை காருக்கு நான்தான். என் வண்டிக்கு முன்னால் வாசிக்கிற நாதஸ்வரக்காரர் திரும்பியே பார்க்க மாட்டார். மற்ற டிரைவர்கள் ஓட்டினால் அவருக்கு ஒரு கண் பின்னால் பம்பர் மேலேயே இருக்கும். வாசிப்பும் அதற்குத் தகுந்தாற்போல்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட இடது காலுக்குத்தான் முட்டி போனது.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொன்னார்: "பெரியவரே, இனிமே கிளட்ச் வாணாம்."

"பிரேக்கு?"

"அது வலது காலுங்க."

"ஆக்சிலரேட்டர்?"

"அதுவும் வலதுதான்."

"அப்ப இடது காலு எனக்கு எதுக்குங்க டாக்டர்?" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த ஆவணியில் என் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மகள் வயிற்றுப் பேத்தி. ஊரான் வீட்டு மாப்பிள்ளைகளையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவன், சொந்தப் பேத்தியின் மாப்பிள்ளையை அழைத்து வராமல் மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் அது என்ன பிழைப்பு? ஆனால் என் மகள் வேறு முடிவு செய்திருந்தாள். அவள் நர்ஸ். ஊசி குத்துவதற்கு முன்னால் எப்படிப் பேசுவாளோ அப்படி மெதுவாக ஆரம்பித்தாள்.

"அப்பா, மாப்பிள்ளை காருக்கு ஆள் சொல்லியாச்சுப்பா. நீங்க எங்களோட நடந்து வாங்க. இல்லன்னா மண்டபத்துல உக்காந்து வரவேற்பு பாருங்க."

"ஏன், நான் செத்துட்டேனா?"

"பரிசம் போட்டுட்டு வர்றப்ப வேனை நான்தான் ஓட்டுவேன்னு அடம்புடிச்சு ஓட்டுனீங்களே, கால் தூக்க முடியாம ஒரு நிறுத்து நிறுத்துனீங்களே, ஞாபகம் இருக்கா? சம்பந்தியம்மா மடியில வெத்தலத் தட்டு கவுந்துச்சு. அந்தம்மா இன்னிக்கு வரைக்கும் போன்ல, 'ஒங்க அப்பா சௌக்கியமா?'ன்னு கேக்கும்போதே ஒரு மாதிரியாத்தான் கேக்குது."

உள்ளே இருந்து என் வீட்டுக்காரி, "சௌக்கியம்தான், வண்டிதான் சௌக்கியம் இல்லன்னு சொல்லு" என்றாள்.

"கிளட்ச் இல்லாத வண்டி எடுத்தா?" என்றேன். வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. என் யோசனைகள் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

மகள் ஒரு நிபந்தனை போட்டாள். "சரி. ஆனா நான் கண்ணால பாக்கணும். கோவில்லேருந்து மண்டபம் வரைக்கும், மாப்பிள்ளை எடத்துல ஒரு ஆளைத் தலைப்பாகையோட உக்கார வெச்சு, நடக்குற வேகத்துல ஓட்டிக் காட்டணும். தலைப்பாகை ஆடக் கூடாது. ஆடுச்சுன்னா நீங்க நாற்காலி, அவ்வளவுதான்."

பெண்ணைப் படிக்க வைத்தால் இப்படித்தான்.

எங்கள் ஊரில் பழைய கார் வாங்கி விற்கிற பாய் ஒருவர் இருக்கிறார். வெகு காலம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர், எனக்கு நல்ல பழக்கம். போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஆட்டோமேட்டிக்லயே நாலு ஜாதி இருக்குண்ணே. ஒங்களுக்கு எது?" என்றார்.

"நாலையும் எடுங்க பாய். பொண்ணு பாக்கப் போற மாதிரி வரிசையாப் பாத்துட்டு வர்றேன்."

மாப்பிள்ளை இடத்தில் உட்கார ஆள் வேண்டுமே. என் அத்தை மகன் இருக்கிறான், எனக்கு மச்சான் முறை. பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போன காலத்தில் அவன் அப்பா பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என் அப்பா அன்றைக்கு வயலில் இருந்தார். அதனால் அவன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பென்ஷனோடு வந்தான். இப்படி வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "நேரம் கெடைக்கல மச்சான்" என்பான். சாயங்காலமானால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கடற்கரை வரைக்கும் போய்விட்டு வருவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை கிடையாது.

"தலைப்பாகையா? நானா?" என்றான். பிறகு, "என்ன கலர்?" என்றான்.

முதல் வண்டி ஏஎம்டி. சின்னக் கார். இதைப் பற்றி நான் ஒரே வரியில் சொல்லிவிடுவேன்: இது ஆட்டோமேட்டிக்கே இல்லை. உள்ளே இருப்பது நம்முடைய பழைய கியர்தான், நம்முடைய பழைய கிளட்ச்தான். மிதிப்பதற்கு மட்டும் உள்ளே ஓர் எந்திரக் காலை வைத்திருக்கிறார்கள். அந்தக் கால் டிரைவிங் கற்றுக்கொண்டிருக்கிற கால். விலை குறைவு, டீசலோ பெட்ரோலோ அதிகம் குடிக்காது, அதெல்லாம் சரி. ஆனால் கியர் மாறும்போது 'மாத்தட்டுமா?' என்று யோசிக்கும். அந்த யோசனையில் வண்டி ஒரு தடவை தலையை ஆட்டும்.

எந்திரக் காலைப் பற்றி இப்போது பேசுகிறேனே தவிர, அன்றைக்கு முதலில் சொதப்பியது என் சொந்தக் கால்தான். கிளட்ச் இல்லாத வண்டியில் பிரேக் பெடல் இட்லித் தட்டு அகலத்துக்கு இருக்கிறது. பிள்ளையார் கோவில் வாசலில் கிளம்பி பத்தடி போயிருப்பேன், கியர் மாற்ற வேண்டும் என்று இடது காலுக்குத் தோன்றிவிட்டது. அதை யாரும் கேட்கவில்லை. அதுவாகத் தாவிப் போய் அந்த இட்லித் தட்டை ஒரே மிதி. பின்னாலிருந்து மச்சான் பறந்து வந்து என் சீட்டைக் கட்டிப் பிடித்தான். தலைப்பாகை என் மடியில் கிடந்தது.

"மோன் த்யே!" என்று அலறினான். அது பிரெஞ்சில் 'அட ஆண்டவா'. "பாராசூட்ல குதிச்சப்பகூட எனக்கு இப்புடி ஆகல மச்சான்!"

"அதுல பிரேக் கெடையாது, அதான்" என்றேன்.

இடது காலை என்ன செய்வது? வலது காலுக்குப் பின்னால் மடக்கி வைக்கச் சொன்னார் பாய். ஆபரேஷன் பண்ணின முட்டி மடங்குமா? கடைசியில் மச்சான்தான் வழி கண்டுபிடித்தான். வீட்டுக்குப் போய் அவனுடைய பட்டாளத்து பூட்ஸில் ஒன்றை எடுத்து வந்தான். நான் ஆயுசு பூராவும் வெறுங்காலால் ஓட்டியவன். அந்த பூட்ஸை இடது காலில் மாட்டிக் கயிற்றை இறுக்கினதும், அது என் கால் மாதிரியே இல்லை. நகர வேண்டும் என்று அதற்கும் தோன்றவில்லை. பிரான்ஸ் நாட்டுக் கால் ஒன்று சும்மா கூட வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இட்லித் தட்டுப் பக்கம் அது போகவில்லை.

அடுத்தது, நடக்கிற வேகத்துக்கு முன்னால் ஓர் ஆள் நடக்க வேண்டுமே. பாயை நடக்கச் சொன்னேன்.

"நான் வண்டி விக்கிறவண்ணே. நாயனம் வாசிக்கிறவன் இல்ல."

"வாசிக்க வாணாம் பாய். நடங்க, போதும். கொஞ்சம் தவில் தூக்கின மாதிரி நடங்க."

பாய் தொந்தி உள்ளவர், தவில் இல்லாமலே அந்த நடை வந்தது. அவர் முன்னால் போக, நான் பின்னால் ஓட்ட, வண்டி முதல் கியரா ரெண்டாவதா என்று முடிவு பண்ண முடியாமல் வழி நெடுக ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே வந்தது. மச்சானுடைய தலைப்பாகை முதலில் புருவத்துக்கு இறங்கியது, பிறகு மூக்குக்கு. வழியில் வாய்க்கால் பாலம் ஒன்று, கொஞ்சம் தூக்கலான ஏற்றம். அங்கே நிறுத்தி எடுத்தபோது ஏஎம்டி, மிதிக்கலாமா என்று யோசித்த நேரத்தில் பின்னால் உருண்டது. மாப்பிள்ளை அழைப்பன்றைக்கு அந்த இடத்தில் தட்டோடு பெண்கள் வருவார்கள். அவர்களில் சம்பந்தியம்மாவும் இருப்பாள். ஏஎம்டியை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது வண்டி டிசிடி. இதில் கிளட்ச் இரண்டு. ஒற்றைப்படை கியருக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. மாமியாரும் மருமகளும் ஒரே பந்தியில் பரிமாறுகிற மாதிரி. ஒருத்தி சாதம் வைத்துக்கொண்டிருக்கும்போதே மற்றவள் குழம்புக் கரண்டியோடு தயாராக நிற்கிறாள். இலை ஒரு நொடி காலியாக இருக்காது. நாகூர் ரோட்டில் விட்டுப் பார்த்தேன், கியர் மாறியதே தெரியவில்லை, அம்பு மாதிரி போனது. "இதான் வண்டி!" என்று நானே கத்திவிட்டேன். மச்சான் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான்.

ஆனால் கோவில் வாசலில் கொண்டுவந்து பாய்க்குப் பின்னால் விட்டதும் அதன் சாயம் வெளுத்தது. மெதுவாகப் போகச் சொன்னால் அதற்குப் பிடிக்கவில்லை. உள்ளே அந்தக் கிளட்ச் அரைகுறையாக உரசிக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. நான் காலால் செய்ததை அது வயிற்றில் செய்கிறது. எனக்கு அந்த மயிரிழை இடத்தில் நிற்கப் பழக்கம் உண்டு, அதற்கு இல்லை. பாலத்துக்கு வரும்போது முன்னால் பலகையில் விளக்கு எரிந்தது.

"என்ன பாய் இது?"

"சூடாயிருச்சுண்ணே. ஓரங்கட்டி ஆற விடணும்."

"மாப்பிள்ளையை வெச்சுக்கிட்டு ஆற விட முடியுமா? இது என்ன காப்பியா?"

ஓரங்கட்டினோம். அங்கேதான் வினை. பாலத்துப் பக்கம் காற்று வாங்க உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பழைய சொல்தா ஒருவர், தலைப்பாகை கட்டி, மாலை வேறு போட்டுக்கொண்டு (மாலை நான் போடச் சொல்லவில்லை, அவனாக வாங்கிப் போட்டது), காரில் பின் சீட்டில் நேராக உட்கார்ந்திருக்கிறார். ஊரறிந்த பாய் பக்கத்தில் நின்று விசிறிவிடுகிறார். அவர் விசிறியது இஞ்சினுக்கு. பார்க்கிறவர்களுக்கு அது தெரியுமா? மறுநாள் காலையில் மச்சான் வீட்டுக்குத் தரகர் வந்துவிட்டார்.

பென்ஷன் உள்ள சொல்தாவுக்கு எங்கள் ஊரில் வயது கிடையாது. அவர் இருக்கிற வரைக்கும் பென்ஷன் வரும், அவர் போன பிறகும் கட்டிக்கொண்டவளுக்கு வரும். தரகர் சொன்னாராம்: "இத்தனை நாள் மனசு எறங்காம இருந்தீங்க. இப்ப எறங்கிட்டீங்கன்னு ஊரே பேசுது. கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு எடம் இருக்கு, நல்ல மனுசங்க."

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"துரத்திட்டேன் மச்சான்" என்றான். ஆனால் மீசைக்கு மை போட்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "அடுத்த வண்டி எப்போ?"

மூன்றாவது சிவிடி. இதில் கியரே கிடையாது என்றார் பாய். நான் நம்பவில்லை. கியர் இல்லாமல் வண்டியா, எலும்பு இல்லாமல் மனுஷனா? இரண்டு கப்பி, நடுவே ஒரு பெல்ட், அவ்வளவுதானாம். கப்பி அகலமாகும், ஒடுங்கும். பெல்ட் மேலே ஏறும், கீழே இறங்கும். மாவு மில்லில் ஓடுமே, அதே கதை. ஆனால் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், வெண்ணெய். பாய் பின்னால் கோவிலிலிருந்து பாலம் வரைக்கும் வந்தபோது பின் சீட்டில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் மச்சான் தூங்குகிறான். தலைப்பாகை வைத்தபடியே இருக்கிறது.

குறை என்னவென்றால், அவசரம் என்று சொன்னால் அதற்குக் காது கேட்காது. ஏற்றத்தில் அழுத்தினால் சத்தம் மட்டும் பிரமாதமாக வரும். வேகம் பின்னால் வரும். சம்பந்தி வீட்டில் காப்பி கேட்ட மாதிரி. உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்கும், காப்பி மெதுவாகத்தான் வரும். அந்த ஊ என்கிற சத்தம் நாதஸ்வரத்தோடு சேர்ந்தால் சுருதி என்ன ஆகும்? ஆனாலும் இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குப் பாதி மனசு. பாலத்தில் விழித்துக்கொண்ட மச்சான்தான் தடுத்தான்.

"வாணாம் மச்சான். வயித்தைப் பெரட்டுது."

"கொறட்டை விட்டுட்டு வந்தியேடா!"

"அது மயக்கம். இன்னொண்ணு இருக்குன்னாருல்ல பாய்? அதையும் பாத்துடுவோம்."

அவனுக்கு வண்டியைப் பற்றிக் கவலை இல்லை. வழியில் ஒரு மாடி வீட்டுப் பால்கனியிலிருந்து யாரோ ஓர் அம்மா அவனைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறாள்.

நாலாவது, டார்க் கன்வர்ட்டர். பெரிய வண்டி. பாய் சொன்னார்: "வளைகுடால நாங்க ஓட்டுனது பூரா இதாண்ணே. பழைய சாமான், ஆனா கெட்டி சாமான்."

இதைப் புரிந்துகொள்ள இரண்டு மின்விசிறியை எதிரெதிரே வைத்துப் பாருங்கள். ஒன்றைப் போட்டால் அதன் காற்றில் மற்றது தானாகச் சுற்றும். இதில் காற்றுக்குப் பதில் எண்ணெய். இஞ்சின் ஒரு விசிறியைச் சுற்றுகிறது, எண்ணெய் மற்றதைச் சுற்றுகிறது. நடுவே இரும்பும் இரும்பும் உரசவில்லை. அதனால் குதிப்பும் இல்லை, அவ்வளவு சீக்கிரம் சூடும் இல்லை. எண்ணெயில் வழுக்கிப் போகிற சக்தி கொஞ்சம் வீணாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும். குடிக்கட்டுமே, வேலை செய்கிறவன் குடிக்கத்தான் செய்வான். முக்கியமான விஷயம் இதுதான்: D-யில் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம், அதுவாக நடக்கும். என்ன நடை? சத்தியமாகத் தவில்காரர் நடை. இதைக் கண்டுபிடித்தவன் எந்த நாட்டுக்காரனோ, அவன் ஊரிலும் மாப்பிள்ளை அழைப்பு இருந்திருக்க வேண்டும்.

மகள் வந்து பார்த்தாள். நான் ஒற்றை பூட்ஸோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தாள், விட்டுவிட்டாள். கோவிலிலிருந்து மண்டபம் வரைக்கும் காரோடு நடந்தாள். கண் தலைப்பாகையிலேயே இருந்தது. பாலத்தில் ஏறினோம், நிறுத்தினோம், எடுத்தோம். குஞ்சம்கூட ஆடவில்லை.

"சரிப்பா" என்றாள். ஒரு வார்த்தைதான். எனக்குப் பொன்னாடை போர்த்தியது மாதிரி இருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, இடது காலில் பிரெஞ்சுப் பட்டாளம். என் வீட்டுக்காரி மண்டபத்துக்குக் கிளம்பும்போது என்னைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்துவிட்டு, "போட்டோக்காரரை மேலாக்க எடுக்கச் சொல்லுங்க" என்றாள். பின் சீட்டில் மாப்பிள்ளை. கெட்டிக்காரப் பையன், பெங்களூரில் வேலை. முன் சீட்டில் என் பக்கத்தில், பெண் வீட்டு ஆளாகத் துணைக்கு, மச்சான். அவனிடம் தலைப்பாகை இல்லாததால் கொஞ்சம் முகம் தொங்கியிருந்தது.

கிளம்பினோம். நான் பிரேக்கை விட்டேன், வண்டி நடந்தது. பிரேக்கைத் தொட்டேன், நின்றது. மெழுகு. நாதஸ்வரக்காரர் திரும்பியே பார்க்கவில்லை. தவில்காரர் என் பம்பரில் சாய்ந்துகொள்ளாத குறைதான். கடை வாசலில் நிற்கிறவர்கள் எல்லாம் கும்பிட்டார்கள், நான் ஒரு கையால் கும்பிட்டேன். பழைய நாட்களில் அதுகூட முடியாது, கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் மனசு இடது காலில் இருக்கும்.

பாலத்து ஏற்றத்துக்கு வந்ததும் மேளம் நின்றது. யாரோ உறவுக்காரர் ஒரு பாட்டு கேட்டார். நாதஸ்வரக்காரர் நின்று வாசிக்க ஆரம்பித்தார். கூட்டம் சுற்றி நின்றுவிட்டது. நானும் நிறுத்தினேன். அப்போதுதான் மாப்பிள்ளையின் தாத்தா வந்தார். நெடுங்காட்டில் பெரிய விவசாயி. கையில் பொன்னாடை. மண்டபத்தில் போர்த்த வைத்திருந்தாராம், வண்டி வருகிற அழகைப் பார்த்து அங்கேயே பிரித்துவிட்டார்.

"என்னங்க சம்பந்தி, ஓடத்துல ஒக்காந்தாப்புல இருக்குதாமே! பேரன் சொல்றான். இந்த வயசுல இப்புடி ஓட்டுறதுக்கு ஒங்களைத் தவிர யாருங்க?"

உண்மையைச் சொல்கிறவரை நான் மதிப்பேன். பொன்னாடை கொண்டுவருகிற பெரியவருக்கு முன்னால் சீட்டில் உட்கார்ந்தபடியே தோளை நீட்டுவது என் பரம்பரையில் கிடையாது. கதவைத் திறந்தேன். பூட்ஸ் காலை முதலில் கீழே வைத்தேன். வலது காலையும் எடுத்து எழுந்து நின்றேன். அவர் போர்த்தினார். நான் கட்டிப் பிடித்தேன். அவர் தோளுக்கு மேலே பார்க்கிறேன், என் கார் என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

டார்க் கன்வர்ட்டர் சொன்ன சொல் தவறவில்லை. பிரேக்கை விட்டால் நடப்பேன் என்றது, நடந்தது. தவில்காரர் வேகத்தில் நடப்பேன் என்றது, அதே வேகம். தவில்காரர் நின்றுகொண்டிருக்கிறார் என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை. பம்பர் போய் அவர் கெண்டைக்காலைத் தொட்டது. மேளத்தை நகரச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் ஓர் அடி முன்னால் நகர்ந்து கொடுத்தார், தாளம் தப்பவில்லை. வண்டியும் ஓர் அடி நகர்ந்தது. அவர் மறுபடி ஓர் அடி. அப்போதுதான் நாதஸ்வரத்தில் இடித்தார்.

காருக்குள்ளே மச்சான் இரண்டு கையையும் தூக்கிவிட்டான், சரணடைகிற மாதிரி. பட்டாளத்தில் அதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள் போலிருக்கிறது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கூடவே ஓடுகிறேன், பூட்ஸ் பூமியை விட்டு எழும்ப மாட்டேன் என்கிறது. "அப்பா!" என்று மகள் கத்தின சத்தத்தில் பாட்டு நின்றது. அந்த நேரம் மாப்பிள்ளைப் பையன் பின் சீட்டிலிருந்து இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். வண்டி நின்றது. தலைப்பாகை உருண்டு கியர் கம்பியில் போய் மாட்டிக்கொண்டது.

தவில்காரர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லீங்க, பூ மாதிரிதான் தொட்டுச்சு" என்றார். அதை நான் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று திரும்பச் சொன்னேன்.

"வண்டியில கோளாறு இல்ல, கையில கோளாறு இல்ல" என்று ஆரம்பித்தேன்.

"அப்பா, பின்னால ஏறுங்க" என்றாள் மகள். நர்ஸ் குரல்.

"அப்ப யாரு ஓட்டுறது?"

சொல்லி வைத்த டிரைவரைத்தான் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டதே. என் டிரைவர்கள் வேனில் சொந்தக்காரர்களை ஏற்றிவரப் போயிருந்தார்கள். மச்சானைப் பார்த்தோம். அவன் இன்னும் கையை இறக்கவில்லை. பாய், பிரியாணி இருக்கும் என்று நினைத்து, பந்தியில் இடம் பிடிக்க முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் சைவம் என்று சொல்ல மறந்திருந்தேன்.

"நானே ஓட்டுறேன் அத்தை" என்றான் மாப்பிள்ளை. "எங்கிட்ட பெங்களூர்ல இதே மாதிரி வண்டிதான் இருக்கு."

கூட்டத்தில் சலசலப்பு. மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளையே கார் ஓட்டுவதா? சம்பந்தியம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். போட்ட பரிசம் இங்கேயே முறியப் போகிறது என்று நினைத்தேன், வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. பேத்தி மண்டபத்தில் அலங்காரம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளிடம் போய் என்ன சொல்வது? உன் தாத்தாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், அதனால் கல்யாணம் நின்றுவிட்டது என்றா?

நெடுங்காட்டுப் பெரியவர்தான் கையைத் தூக்கினார். "ஏன், குதிரையில வந்த காலத்துல மாப்பிள்ளைதானே குதிரையை ஓட்டிக்கிட்டு வந்தான்? பின்னாலேருந்து வேற எவனாவதா ஓட்டுனான்? ஏறுப்பா. மேளத்தை வாசிங்க!"

அவர் சொன்ன பிறகு யார் என்ன சொல்வது? பையன் முன்னால் ஏறினான். பின் சீட்டைக் காலியாக விட்டால் நன்றாக இருக்காது என்று என்னை அங்கே உட்கார வைத்தார்கள். தோளில் பொன்னாடை, மடியில் மாப்பிள்ளையின் தலைப்பாகை. மேளம் கிளம்பியது.

பையன் நன்றாகத்தான் ஓட்டினான். பாலம் இறங்குகிற இடத்தில் ஒரு தடவை, "பிரேக்கை இன்னும் கொஞ்சம் முன்னாடியே தொடணும் தம்பி" என்றேன்.

"சரிங்க தாத்தா."

அதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. வேடிக்கை பார்க்க நின்ற ஜனங்களுக்கு பாலத்தில் நடந்தது தெரியாது. அவர்கள் பின் சீட்டைத்தானே பார்ப்பார்கள்? பூ விழுந்தது. பன்னீர் தெளித்தார்கள். முன் சீட்டிலிருந்து மச்சான் திரும்பினான்.

"நாலு வண்டியில ஒக்காந்து பாத்தது நான். பூவு ஒனக்கா?"

"நீ கையைத் தூக்காம இருந்திருக்கணும்டா."

மண்டப வாசலில் கார் நின்றது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் தயாராக நின்றார்கள். முன்னால் என் வீட்டுக்காரி. மேளச் சத்தத்தில் நடந்ததை யாராலும் அவர்களுக்குச் சொல்ல முடியவில்லை. யாரோ வழக்கம்போல் பின் கதவைத் திறந்துவிட்டார்கள். அவள் தட்டைத் தூக்கினாள். உள்ளே நான்.

தட்டை அப்படியே பிடித்தபடி பார்த்தாள். பொன்னாடையைப் பார்த்தாள், மடியில் இருந்த தலைப்பாகையைப் பார்த்தாள், முன்னால் ஸ்டியரிங்கில் இருந்த பையனைப் பார்த்தாள். ஒரு நொடியில் எல்லாவற்றையும் புரிந்துகொள்கிற பொம்பளை.

"இந்த மாப்பிள்ளைக்கு எங்க வீட்டுல ஒரு தடவை ஆரத்தி எடுத்ததே ஆயுசுக்கும் போதும்" என்றாள். "எறங்குங்க, வழி விடுங்க."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் சம்பந்தியம்மாவின் சிரிப்பும் இருந்தது. பரிசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் இறங்கிப் பையனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, தலைப்பாகையை என் கையாலேயே அவன் தலையில் வைத்தேன். நேராக வைத்தேன்.